சாக்பீஸ் பாய்

எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் மேல் கீலைச் சுற்றி மஞ்சள் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டுத்தான் அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். எங்கள் வேனை எஃப்.சி.க்குத் தயார் செய்து கொடுத்த சில நாளில், காலில் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்க்க வந்திருந்தார். டீ கொடுத்தேன், குடித்தார். புண் ஆறுகிறதா, சுகர் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார். எழுந்து போகும்போதுதான் வாசலில் நின்று சொன்னார்.

“கேட்டு ஒரு நாளைக்கு யார் கால் மேலயாவது விழும் தங்கச்சி. பாத்துக்குங்க.”

மறுநாள் ஆட்டிப் பார்த்தேன். கீலில் இருந்த நான்கு திருகாணிகளில் மூன்று சும்மா ஓட்டையில் செருகிக்கொண்டு நின்றன. தினம் இருபது தடவை அந்த கேட்டைத் திறந்து மூடுகிறவள் நான். ஒரு தடவை வந்த மனிதருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. பாய் என்று கூப்பிட்டால் எங்கள் பக்கம் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் ஊரில் அவரை சாக்பீஸ் பாய் என்றார்கள். ஆம்பூர் பைபாஸ் ஓரம் தகரம் போட்ட ஒரு ஷெட். போர்டு கிடையாது. மெக்கானிக் என்றால் மெக்கானிக், டிங்கர் என்றால் டிங்கர், வெல்டிங்கும் அவரே. நான் பெயரைக் கேட்டிருக்க வேண்டும். கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது ஐயர் பெயர், நட்சத்திரம் கேட்பார். எங்கள் வீட்டுப் பெயர்களை வரிசையாகச் சொல்லி முடித்ததும் மனதில் இவர் வந்து நிற்பார். என்ன சொல்லுவது? “இன்னொண்ணு சாமி பேருக்கே செஞ்சிடுங்க ஐயரே” என்பேன். யாருக்கு என்று முருகனுக்குத் தெரியும்.

வாடகைக்கு ஓடும் பழைய வண்டிகளை வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் சுற்றிப் பார்த்து, ஓட்டிப் பார்த்து, இந்த வண்டி ரோட்டில் ஓடலாம் என்று சான்று கொடுப்பார். அதைத்தான் எஃப்.சி. என்கிறோம். எஃப்.சி.க்கு வண்டியைத் தயார் செய்வது, பெண் பார்க்க வருகிற அன்று வீட்டைத் தயார் செய்கிற மாதிரிதான். ஓட்டையில் பட்டி வைத்து அடைப்பார்கள். துருவின் மேல் பெயின்ட் அடிப்பார்கள். தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு, தெரிந்தவரிடம் நல்ல டயர் இரண்டை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி மாட்டுவார்கள். மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் அது அவருக்கே போய்விடும். என் வீட்டுக்காரரும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். குறை சொல்ல வரவில்லை. அந்த வேனை வைத்துத்தான் எங்கள் அடுப்பு எரிந்தது.

ஆலங்காயம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பதினாறு பெண்களை ஏற்றிக்கொண்டுபோய் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் விட வேண்டும். சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். இதுதான் எங்கள் வேனுக்கு வேலை. அந்த வருஷம் சுகர் புண்ணில் அவருக்கு இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதம் காலைத் தரையில் வைக்கக் கூடாது. ஏழுமலை என்று ஒரு ஆக்டிங் டிரைவரைப் போட்டு ஓட்டினோம். அந்த நேரம் பார்த்து எஃப்.சி. வந்தது. ஒரு திங்கட்கிழமைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். கம்பெனியில் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற சூப்பர்வைசர் போன் செய்தார்.

“திங்கக்கெழம எஃப்.சி. முடியலன்னா செவ்வாக்கெழமலேர்ந்து வேற வண்டி வரும்மா. நான் இன்னா பண்றது, மேல கேக்கறாங்க.”

வேற வண்டி வந்துவிட்டால் அந்த ரூட் அப்புறம் நமக்கு வராது. எனக்கு வண்டியைப் பற்றி அரிச்சுவடி கூடத் தெரியாது. எட்டாவது வரை படித்தவள். வெள்ளிக்கிழமை விளக்கும் கிருத்திகை விரதமும் தெரியும். என் வீட்டுக்காரர் படுத்த இடத்திலிருந்து, இன்ன கடைக்குப் போ, இன்னாரிடம் டயர் வாங்கு என்று எல்லாம் சொன்னார். அந்தக் கடையில் மாதக் கடைசி என்று வண்டிகள் வரிசை கட்டி நின்றன. எங்களுக்கு இடமில்லை. “சாக்பீஸ் பாய்கிட்ட போலாம்க்கா. ஆனா ஒரு மாதிரி ஆளு அவரு” என்று ஏழுமலைதான் அழைத்துப் போனான்.

போய் நின்றதும் அவர் எங்களிடம் பேசவே இல்லை. ஐம்பது வயது இருக்கும். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார். சாக்குப்பையை விரித்து அடியில் போய்ப் படுத்தார். வெளியே வந்து உள்ளே ஏறினார். ஒவ்வொரு சீட்டாக உட்கார்ந்து, முன்னால் குலுங்கி, பின்னால் சாய்ந்து பார்த்தார். குறை தெரிந்த இடத்தில் எல்லாம் ஒரு மஞ்சள் வட்டம். கடைசி வரிசைக்குப் போனதும் என்னைக் கேட்டார்.

“இங்க யாரு உக்கார்றது?”

“கம்பெனிக்குப் போற பொம்பளைங்க பாய்.”

“அது தெரியுது. யாரு?”

எனக்குத் தெரியவில்லை. ஏழுமலைதான், கஸ்தூரி அக்காவும் இன்னும் மூன்று பேரும் என்றான். “கஸ்தூரி” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டு இறங்கினார். கண்ணாடிக்கு முன்னால் நான் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைத் துணியால் எடுத்துப் பக்குவமாக ஒரு டம்ளரில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் வைப்பர் ஒயரைப் பார்த்தார். பார்த்து முடித்ததும் பழத்தை அதே இடத்தில் வைத்தார்.

கடைசியில் எண்ணினால் முப்பத்தோரு வட்டம்.  அன்று சாயங்காலம் கம்பெனி வாசலில் வேன் போய் நின்றதும் கஸ்தூரி கேட்டாளாம்.

“இன்னா ஏழுமல, வண்டிக்கு அம்ம போட்டுக்கிச்சா? வேப்பல எங்க?”

பகலில் இரண்டு டிரிப்புக்கும் நடுவே வேன் அவர் ஷெட்டில் நிற்கும். அவர் வேலை செய்வார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்தாலும் வட்டத்தை அவர் அழிக்க மாட்டார். நம்மைக் கூப்பிடுவார். “இழுத்துப் பாருங்க. ஆட்டிப் பாருங்க. சரியா இருக்குதா? அப்ப நீங்களே அழிச்சிடுங்க” என்பார். நானும் வாரத்தில் நான்கு நாள் பஸ் ஏறிப் போய், முந்தானையால் வட்டங்களை அழித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுக்கச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். வண்டியின் அடிச்சட்டத்தில் வெட்டியிருக்கும் சேசிஸ் நம்பரின் மேல் காகிதத்தை வைத்து பென்சிலால் தேய்த்து எடுக்க வேண்டும், அதை ஆபீசில் கொடுக்க வேண்டும். அதையும் என்னையே செய்ய வைத்தார். “வண்டி உங்க பேர்ல இருக்குது. நீங்களே தேய்ங்க.” வேனுக்கு அடியில் குனிந்து நான் தேய்க்கத் தேய்க்க, வெள்ளைத் தாளில் எண்கள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன. எனக்குக் கோலம் போட்ட மாதிரி ஒரு சந்தோஷம்.

எதற்காக இந்த வட்டம் என்று ஒருநாள் கேட்டேன். சின்ன வயதில் ஒரு தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷன் வேலையில் இருந்தாராம். ஜன்னல் வெளிச்சத்தில் மேஜை மேல் தோலை விரித்து, உண்ணி கடித்த இடம், முள் கீறிய இடம், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் வட்டம் போட்டுக் காட்ட வேண்டும். வெட்டுகிறவன் அதைத் தள்ளி வெட்டுவான்.

“வட்டம் போட்டா தோலு வீணுன்னு இல்ல தங்கச்சி. வெட்றவன் தெரிஞ்சி வெட்டணும், அவ்ளோதான்” என்றார்.

அந்த வேலையை விட்டு எவ்வளவோ வருஷம் ஆகியும் கை நிற்கவில்லை போலும். ஷெட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் பெஞ்சுக் காலில் வட்டம். கரண்ட் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் உரிந்திருந்த ஒயரில் வட்டம். டீக்கடைக்காரர் கத்துவார்.

“பாய், வர்ற கஸ்டமரு வட்டத்தப் பாத்து பெஞ்சில குந்தவே பயப்படறான். என் பொழப்புல மண்ணு போடாத.”

“ஒரு ஆணி அடிச்சா முடிஞ்சிச்சி. அடிச்சிட்டு அழி.”

“நாளைக்கு என் மூஞ்சில போடுவ.”

“மூஞ்சி முழுக்கன்னா சாக்பீஸ் ஜாஸ்தி ஆவுமே” என்றார் பாய். சிரிக்காமல் சொன்னார். டீக்கடைக்காரர்தான் சிரித்தார். ஆணியும் அடித்தார்.

என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் கேட்கக் கேட்க எரிச்சல். வியாழக்கிழமை அவர் தன் நண்பரிடம் போனிலேயே பேசி, நல்ல டயர் இரண்டை ஷெட்டுக்கு அனுப்பிவைத்தார். பாய் அந்த டயர்களைச் சுற்றிப் பார்த்தார். பிறகு அவற்றிலும் ஆளுக்கொரு வட்டம் போட்டார். நான் பதறிப்போய், புது டயராச்சே, அதில் என்ன குறை என்றேன்.

“டயர்ல ஒண்ணும் கொற இல்ல. செவ்வாக்கெழம இது இந்த வண்டில இருக்காதே. அதான்.”

நான் போனைப் போட்டுக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் பேசியது எனக்கே கேட்டது.

“யோவ், இன்ஸ்பெக்டரு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்யா. நீ மாட்டு.”

“அவரு கேக்கமாட்டாரு. அவருக்கு டயர் நல்லா இருக்கும்.”

“அப்புறம் இன்னா பேஜாரு உனுக்கு?”

“செவ்வாக்கெழம வண்டியில ஏர்றவங்க கேக்கமாட்டாங்கண்ணே. அவங்களுக்குத் தெரியாது. அதான் பேஜாரு.”

என் வீட்டுக்காரர் போனை வைத்துவிட்டார்.  கடைசியில் சொந்தமாகவே இரண்டு டயர் எப்படியோ வாங்கினோம். எப்படி என்பது இங்கே வேண்டாம்.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகும் முன்பு பாய் சொன்னார், “அஞ்சு வட்டம்தான் பாக்கி. நாளைக்கு முடிச்சிடலாம்.” சாயங்காலம் ஏழுமலை பெண்களை இறக்கிவிட்டு, வேனை எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை வண்டிக்குப் பரீட்சை. ஒரு வாரமாக ஷெட்டில் கிடந்து எண்ணெயும் தூசியுமாக இருந்தது. அதை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. குளித்துவிட்டு வந்து, குழாயைப் போட்டு, சோப்புத் தண்ணீரால் கூரையிலிருந்து சக்கரம் வரை தேய்த்துக் கழுவினேன். உள்ளே ஏறித் தரையில் நாலு குடம் கொட்டிப் பெருக்கித் தள்ளினேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். நான்கு பக்கமும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பழைய எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டு புதுசு வைத்தேன். சூடம் காட்டினேன். முருகா, இந்த வண்டியைப் பாஸ் பண்ணிவிடு என்று கேட்டேன். மனம் நிறைந்து போய்ப் படுத்தேன்.

சனிக்கிழமை நானும் வேனிலேயே போனேன். பெண்கள் எல்லாருக்கும் பொங்கல் பிரசாதம் கொடுத்தேன். அவர்களைக் கம்பெனியில் இறக்கிவிட்டு ஷெட்டுக்குப் போனோம். பாய் கையில் ஸ்பேனரோடு வெளியே வந்தவர் அப்படியே நின்றார்.

“தங்கச்சி. யாரு கழுவுனது?”

“நான்தான் பாய். வெள்ளிக்கெழமையாச்சேன்னு...”

சொல்லும்போதுதான் எனக்கு உறைத்தது. வண்டியில் ஒரு வட்டம் கூட இல்லை. அழிக்க வேண்டியதும் போச்சு, அழிக்கக் கூடாததும் போச்சு. அவர் எதையும் நோட்டில் எழுதுகிறவர் இல்லை. எல்லாம் அந்த வண்டியின் மேல்தான் இருந்தது.

அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் தண்ணீர் எடுத்துவரச் சொல்லிக் குடிக்கக் கொடுத்தார்.

“சாமிக்குன்னு செஞ்சீங்க. அதுல இன்னா தப்பு? நான்தான் உங்ககிட்ட சொல்லி அனுப்பியிருக்கணும்.”

“அஞ்சும் எதெதுன்னு ஞாபகம் இருக்குதா பாய்?” என்றான் ஏழுமலை.

“நாலு இருக்குது.”

“அப்ப அந்த நாலப் பாரு. ஒண்ணுதானே? விடு. இன்ஸ்பெக்டரு லைட்டப் பாப்பாரு, பிரேக்கப் பாப்பாரு. சின்னதா எதுனா இருக்கும்.”

“சின்னதா பெருசான்னு தெரிஞ்சாதானே விடலாம்” என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்து புது சாக்பீஸ் ஒன்றை எடுத்தார். சாக்குப்பையை விரித்தார். முதலிலிருந்து ஆரம்பித்தார்.

எத்தனையோ வேலை பாக்கி இருக்க, முடிந்த வண்டியைத் திரும்ப முதலிலிருந்து பார்க்கிறாரே, சாயங்காலம் ஐந்தரைக்குப் பெண்கள் வாசலில் நிற்பார்களே என்று நான் ஷெட்டுக்கும் ரோட்டுக்குமாக நடந்தேன். அவர் அடியில் ஊர்ந்து பின்பக்கம் போனார். 

“தங்கச்சி, உள்ளாற எவ்ளோ தண்ணி ஊத்துனீங்க?”

“நாலு குடம் பாய்.”

“என் நெத்தில ஒரு சொட்டு வுழுந்திச்சி. பிரேக் ஆயிலோன்னு பாத்தேன். சோப்பு வாசன வருது.”

வெளியே வந்து வேனுக்குள் ஏறினார். நானும் ஏறினேன். கடைசி சீட்டுக்குக் கீழே ரப்பர் மேட் பசை போட்டு ஒட்டியிருந்தது. ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கினார். மேட்டுக்கு அடியில் தகரம் இருக்க வேண்டிய இடத்தில் அப்பளம் மாதிரி துரு. விரலை வைத்து அழுத்தினார், விரல் உள்ளே போய்விட்டது. ஓட்டை வழியாக ஷெட்டின் தரை தெரிந்தது. சீட்டின் பின்கால் இரண்டையும் பிடித்திருந்த போல்ட்டுகள் அந்தத் துருவில்தான் நின்றிருந்தன. அவர் எழுந்து நின்று, இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்து இழுத்தார். நான்கு பேர் உட்கார்கிற சீட்டு, முறம் மாதிரி முன்னால் சாய்ந்து வந்தது.

அன்று காலையில்தான் அதில் கஸ்தூரி உட்கார்ந்து என் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். 

“மொத நாளு இதே சீட்ல குந்திப் பாத்தேன். நாலு பேரு குந்தற சீட்டு. நான் ஒருத்தன் குந்தி, சரின்னுட்டேன். மேட்டத் தூக்கல.”

சீட்டுக் காலைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் போட்டார். அப்புறம் அதே சாக்பீஸால் தன் சட்டையின் இடது பக்கம், பைக்கு மேல் ஒரு வட்டம் போட்டுக்கொண்டார்.

“இன்னா பாய் இது?” என்றான் ஏழுமலை.

“இது என்னுது” என்றார். 

 நீங்கள் என்ன வேண்டுமென்றா விட்டீர்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் கடைசி சீட்டைக் கழற்றி வெளியே வைத்தார். அன்று சாயங்காலம் அந்த நான்கு பெண்களையும் பஸ்ஸில் போகச் சொன்னோம். கஸ்தூரி எங்களைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் வேன் இல்லை, ஷெட்டில் இருந்தது. துருப் பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துவிட்டு, கனமான தகடு வைத்து, சுற்றிலும் வெல்டிங் அடித்தார். தொழுகை நேரத்துக்கு மட்டும் எழுந்து கை கால் கழுவிக்கொண்டு போய்விட்டு வந்தார். மறந்துபோன அந்த ஐந்தாவது வட்டமும் இரண்டாம் தடவை பார்த்ததில் கிடைத்தது. பின் கதவின் பிடி. திருகினால் வழுக்கியது. அதையும் மாற்றினார்.

திங்கட்கிழமை காலையில் மைதானத்தில் நின்றோம். பாயும் வந்தார். அதே சட்டை. துவைத்ததாகத் தெரியவில்லை, வட்டம் அப்படியே இருந்தது. பிரேக் இன்ஸ்பெக்டர் லைட்டைப் போடச் சொன்னார். இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் எல்லாம் பார்த்தார். முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தார். நான் பென்சிலால் தேய்த்த தாளை நம்பரோடு ஒப்பிட்டார். ஏழுமலையை ஓட்டச் சொல்லி சடக்கென்று பிரேக் போட வைத்தார். டயரை விரலால் தடவிவிட்டு பாயைப் பார்த்தார்.

“எல்லாம் சரியா இருக்கு. உன் சட்டைல இன்னா பாய் வட்டம்?”

“அது வேற சார். இன்னும் அழிக்கல.”

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடைசி சீட்டின் மேட்டை அவர் தூக்கிப் பார்க்கவில்லை. யாரும் பார்ப்பதில்லை. நான் அன்று வெள்ளிக்கிழமை வண்டியைக் கழுவாமல் விட்டிருந்தாலும் வண்டி பாஸ் ஆகியிருக்கும், ரூட்டும் கிடைத்திருக்கும். 

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு எங்கள் ஊர் நிறுத்தத்தில் பாய் தன் மொபெட்டோடு நின்றுகொண்டிருந்தார். இவ்வளவு தூரம் எதற்கு வந்தார் என்று எனக்குப் புரியவில்லை. கஸ்தூரியும் மற்ற மூன்று பேரும் வந்ததும், நான்கு பேரையும் கடைசி சீட்டில் சேர்ந்து உட்காரச் சொன்னார்.

“நல்லா குலுக்கி உக்காந்து பாருங்கம்மா. முன்னால தள்ளுங்க. அசையுதா?”

“இன்னா பாய், பொண்ணு பாக்க வந்தியா, சீட்டு பாக்க வந்தியா?” என்றாள் கஸ்தூரி. பஸ்ஸில் போன கோபம் அவளுக்கு இன்னும் தீரவில்லை. ஆனாலும் நான்கு பேரும் சிரித்துக்கொண்டே குலுக்கினார்கள். வேன்தான் ஆடியது, சீட்டு ஆடவில்லை. “அசையல. கோயில் தூணு மாதிரி கீது. போதுமா?”

“போதும்.”

அவர் இறங்க வழிவிட்டு ஒதுங்கும்போது கஸ்தூரி அவர் சட்டையைப் பார்த்தாள்.

“நெஞ்சில இன்னாத்த பூசிக்கின்னு வந்துக்கிற?” என்று சொல்லிக்கொண்டே கையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையின் முனையால் அந்த வட்டத்தைத் தட்டி விட்டாள். சாக்பீஸ் தூள் பறந்தது. அவளுக்கு என்ன தெரியும்? அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். வட்டம் இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஐப்பசி மழையில், வாணியம்பாடி தாண்டி ஒரு திருப்பத்தில் எருமை ஒன்று குறுக்கே வந்து, ஏழுமலை பிரேக்கை முழுசாக அழுத்த வேண்டி வந்தது. வண்டி நின்றது. கஸ்தூரியின் டிபன் பாக்ஸ் கடைசி சீட்டிலிருந்து உருண்டு டிரைவர் காலடி வரை போனது. சீட்டு இருந்த இடத்தில் இருந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. “ரசம் பூரா கொட்டிப்போச்சி” என்று கஸ்தூரி என்னிடம் வந்து சண்டை போட்டாள். நான் அவளை உட்காரவைத்து இன்னொரு டிபன் கட்டிக்கொடுத்தேன். அவள் போன பிறகு பூஜை அறைக்குப் போய் விளக்கேற்றினேன்.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.  அடுத்த வருஷம் எஃப்.சி. வந்தபோது, கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவரே ஷெட்டுக்குப் போனார். கையில் ஒரு டப்பா இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடையில் வாங்கியது, முழுக்க மஞ்சள் சாக்பீஸ். பாய் அதைத் திறந்து பார்த்துவிட்டு, “இது ரெண்டு வருசத்துக்கு வருமேண்ணே” என்றார். “எங்க வண்டிக்கே பத்தாது, போடுய்யா” என்றார் இவர். போனில் சண்டை போட்ட இரண்டு பேரும் டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார்கள்.

அதற்கப்புறம் நான்கைந்து வருஷம் அவரிடம்தான் எஃப்.சி. வேலை. பிறகு பைபாஸை அகலப்படுத்தியபோது ஷெட் போய்விட்டது. ராணிப்பேட்டையில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார் டீக்கடைக்காரர். அதற்கு மேல் தகவல் இல்லை. போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும். அவர் கும்பிடுகிற ஆண்டவனும் நான் கும்பிடுகிற முருகனும் அவரைப் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்போது வேறு மெக்கானிக். நல்ல பிள்ளைதான், இரண்டு நாளில் வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறான். ஆனாலும் எஃப்.சி.க்கு முந்தின வெள்ளிக்கிழமை வேனை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லிவிடுவேன். குளித்துவிட்டு வந்து, மேலிருந்து கீழ் வரை சோப்புப் போட்டுக் கழுவுவேன். உள்ளே நாலு குடம் தண்ணீர் கொட்டுவேன். பிறகு சாக்குப்பையை விரித்து, முட்டி வலித்தாலும் மண்டியிட்டு, வேனுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன், எங்கேயாவது சொட்டுகிறதா என்று. என் வீட்டுக்காரர் மேலே நின்று சாக்பீஸை நீட்டிக்கொண்டிருப்பார்.

சொட்டவில்லை என்று தெரிந்த பிறகுதான் எழுந்து வண்டிக்குச் சந்தனம் குங்குமம் வைப்பேன்.